ஊசி போட்டால் ஆபரேஷன் தேவையில்லையா? முதுகுத்தண்டு சுருக்கம் பற்றி

கேள்வி: பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு வாசகர், 2023 நவம்பர் 12

அப்பாவுக்கு வயது 72. பத்து நிமிடம் நடந்தால் இரண்டு காலும் மரத்துப்போகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து முதுகுத்தண்டுக் கால்வாய் சுருங்கி நரம்பு நசுங்குகிறது என்றார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டால் போதும், கத்தியே வேண்டாம் என்கிறார். போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2023 நவம்பர் 12, இரவு

போட்டுப் பார்த்தோம், என் அம்மாவுக்கு. வயது 68, சர்க்கரை உண்டு. ரங்கூனில் தாம்வே பக்கம் தள்ளுவண்டியில் பருப்பு வடை போடுகிறார். பர்மாக்காரர்கள் பயாஜோ என்று கேட்டு வாங்குவார்கள். ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்கும் வண்டி நிற்கிற முனைக்கும் நடுவில் பதினொரு விளக்குக் கம்பம். முன்பு மூன்று கம்பம் தாண்டினால் உட்கார வேண்டும், இப்போது ஒன்பது தாண்டுகிறார். இரவில் கால் குடைச்சலும் இல்லை. ஊசியிலேயே வேலை முடிந்துவிட்டது. போடுங்கள் தம்பி, யோசிக்காதீர்கள்.

2023 நவம்பர் 14

முந்தாநாள் இரவு அவசரத்தில் எழுதினேன். நோயே என்னவென்று எங்களுக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது வலியே இருக்காது. எண்ணெய்ச் சட்டி, அடுப்பு, மாவுப் பாத்திரம் எல்லாம் ஏற்றிய வண்டி. அவ்வளவு பாரத்தையும் தள்ளிக்கொண்டு பதினொரு கம்பமும் நிற்காமல் போவார். வண்டியை முனையில் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வரும்போதுதான் மூன்றாவது கம்பத்தில் கால் நின்றுவிடும். பாரம் தள்ளும்போது வராத வலி வெறுங்கையோடு நடக்கும்போது எப்படி வரும்? நானே நம்பவில்லை. வீட்டு வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறார் என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

காரணம் ரொம்ப எளிது. வண்டி தள்ளும்போது உடம்பு முன்னால் குனிகிறது. குனிந்தால் கால்வாய் கொஞ்சம் திறக்கும். நிமிர்ந்தால் பின்பக்கத்து நார் தடித்து மடிந்து உள்ளே பிதுங்கும், கால்வாய் இன்னும் இறுகும். இந்த நோய்க்காரர்கள் சைக்கிள் ஓட்டுவார்கள், நடக்கத்தான் முடியாது. டீக்கடைக் குட்டை ஸ்டூலில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் அம்மாவுக்குக் கால் சரியாகிவிடும். நாங்கள் நினைத்தது டீயால் தெம்பு வருகிறது என்று.

உங்கள் அப்பாவைக் கேளுங்கள். நின்றாலே வலி போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா? நின்றாலே போகிறது என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு முதுகில் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

2023 நவம்பர் 15

ஊசி என்பது ஒன்றல்ல என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். எங்களுக்குச் சொன்னது மூன்று வழி. வால் எலும்புப் பக்கத்து ஓட்டை வழியாகக் கீழிருந்து ஏற்றுவது ஒன்று. 1901-லேயே பாரிஸில் செய்திருக்கிறார்கள். இரண்டு எலும்புக்கு நடுவில் நேராகக் குத்துவது இன்னொன்று. நரம்பு வெளியே வரும் சந்தில், அந்த ஒரு நரம்பின் பக்கத்தில் மட்டும் போடுவது மூன்றாவது. அம்மாவுக்குப் போட்டது மூன்றாவது, இடுப்பில் நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில். பெரும்பாலானவர்களுக்குச் சுருக்கம் அங்கேதான் வருமாம்.

2023 நவம்பர் 19

ஒரு திருத்தம். ஊசி போட்ட அன்று மாலையே அம்மா எழுந்து நடந்தார், அதனால் மருந்து உடனே வீக்கத்தைக் கரைத்துவிட்டது என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். தவறு. ஊசியில் இரண்டு மருந்து: மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன், வீக்கம் குறைக்கிற ஸ்டீராய்டு. அன்று மாலை கிடைத்த சுகம் லிடோகெய்னுடையது. சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் அம்மாவுக்கு வலி திரும்பியதும் ஏமாந்துவிட்டோம் என்று நான் அழுதேன். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

அந்த ஊசி எலும்பையோ தடித்த நாரையோ கரைக்காது. கால்வாய் எத்தனை மில்லிமீட்டர் இருந்ததோ அத்தனையே இருக்கும். நசுங்கிய நரம்பைச் சுற்றியுள்ள வீக்கமும் எரிச்சலும்தான் குறையும். ‘வேலை முடிந்துவிட்டது’ என்று முதல் நாள் எழுதினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

2023 டிசம்பர் 3

சர்க்கரை உள்ளவர்கள் இதை முதலில் படியுங்கள்.

அம்மாவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் 140 சுற்றி இருக்கும். ஊசி போட்ட மறுநாள் 286. இரண்டாம் நாள் 260-க்கு மேல். ஐந்தாம் நாள்தான் பழைய இடத்துக்கு வந்தது. நாக்கு வறண்டு, இரவில் நான்கு முறை எழுந்தார். வலி ஊசிதானே, சர்க்கரைக்கும் அதற்கும் என்ன என்று நினைத்திருந்தோம். முதுகில் போட்டாலும் ஸ்டீராய்டு ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். ஊசிக்கு முன்பே சர்க்கரை டாக்டரிடம் சொல்லி, அந்த ஒரு வாரத்துக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2023 டிசம்பர் 4

‘அப்படியானால் ஸ்டீராய்டு இல்லாமல் போடலாமே’ என்று பெகு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. படித்துவிட்டு வருகிறேன்.

2024 ஜனவரி 16

பொங்கலுக்கு வடைக்கு அரைக்க உட்கார்ந்தவர் எழுந்ததும் இடது பின்தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒன்பது கம்பம் இப்போது ஐந்து. ஊசி போட்டுப் பன்னிரண்டு வாரம்தான் ஆகிறது.

பெகு தம்பி கேட்டதற்குப் பதில் கிடைத்தது, எனக்குப் பிடித்த பதில் இல்லை. இந்த நோய் உள்ள 400 பேருக்கு அமெரிக்காவில் ஊசி போட்டுப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு லிடோகெய்ன் மட்டும், பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் கலந்து. யாருக்கு எது என்று சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் முன்பைவிடத் தேவலை. இரண்டுக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மனசு சரியில்லை. அம்மா நடந்தது பொய்யா? பொய்யில்லை, நான் கம்பம் எண்ணினேன். ஆனால் அதற்குக் காரணம் ஸ்டீராய்டுதான் என்று இனி உறுதியாகச் சொல்லமாட்டேன். அந்த மூன்று மாதம் அம்மா தினமும் குனிந்து செய்யும் பயிற்சிகளைச் செய்தார். குளிர்காலம், வண்டியும் அரை நாள்தான். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. சர்க்கரைக்காரர்கள் ஸ்டீராய்டு இல்லாத ஊசி பற்றி டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

2024 ஜனவரி 28

இதுவரை எழுதாத ஒன்று. அக்டோபரில் போட்டது முதல் ஊசியே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு வேறொரு இடத்தில் ஒன்று போட்டோம். பெயர் வேண்டாம். எக்ஸ்ரே இல்லை, சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கட்டிலில் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துக் குத்தினார்கள். ஏற்கெனவே திறந்திருந்த குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. படித்தவர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள், நாம் என்ன கேட்பது என்ற கூச்சம். ஒரு பலனும் இல்லை, அன்று இரவு தலைவலியும் வாந்தியும்தான் மிச்சம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

2012-ல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தை முதுகில் போட்டு மூளைக்காய்ச்சல் வந்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயே அப்படி. 2014-ல் அந்த நாட்டு மருந்துத் துறை, இந்த ஊசியால் அபூர்வமாகப் பார்வை போவது, பக்கவாதம், கால் விழுவது, மரணம்கூட நேரலாம் என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே எச்சரிக்கை போட வைத்தது.

அதனால் வாய் திறந்து கேளுங்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே போடுகிறார்களா? ஊசி நிற்கும் இடம் சரியா என்று முதலில் சாயம் விட்டுப் பார்க்கிறார்களா? குப்பியை உங்கள் முன்னால் புதிதாக உடைக்கிறார்களா? போடப்போகும் ஸ்டீராய்டு துகள் உள்ளதா, கரைந்ததா? நரம்புச் சந்தில் போடும்போது துகள் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தண்டுவடத்துக்கு ரத்தம் நின்றுவிடலாம். அங்கே டெக்ஸாமெத்தசோன் போன்ற கரைந்த மருந்தையே பலர் விரும்புவது அதனால்தான். அக்டோபரில் எங்கள் சயா (பர்மாவில் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நான் கேட்காமலே இவ்வளவையும் காட்டினார். திரையில் சாயம் நரம்போடு மெல்லிய கோடாக இறங்கியதை நானும் பார்த்தேன்.

2024 பிப்ரவரி 11

வேறு விஷயம், ஆனால் ரொம்ப முக்கியம். பர்மிய டாக்டரிடம் நம் அம்மாக்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள்?

அம்மா சந்தைப் பர்மிய மொழி தண்ணீராகப் பேசுவார். டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் ‘நா தே’, வலிக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் என்னிடம் சொன்னது வேறு: பின்தொடையில் இழுக்குது, கெண்டையில் குடையுது, பாதம் மரத்து மதமதன்னு இருக்குது, பஞ்சுமேல நடக்கிற மாதிரி இருக்குது. நான்கும் நான்கு வேறு விஷயம். நான் அவற்றைத் தாளில் எழுதி, மரத்துப்போய்க் குடைவதற்குப் பர்மிய மொழியில் ‘தோன்ஜின்’ என்ற சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ச் சொன்னேன். சயாவின் முகமே மாறியது. பென்சிலை எடுத்து எந்த விரல் வரை, எந்த விரல் வரை என்று கேட்டுக் காலில் கோடு போட்டார். பெருவிரல் பக்கம் என்றால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் என்றால் இன்னொன்று. எம்ஆர்ஐயில் மூன்று இடத்தில் சுருக்கம் தெரிந்தது. வலிக்குக் காரணம் அதில் எது என்பதை அந்தப் பென்சில் கோடுதான் முதலில் காட்டியது, பிறகு ஊசி உறுதி செய்தது. அந்த ஒரு நரம்பை மரத்துப்போக வைத்தபோது வலி அடங்கியதே, அதுவே சாட்சி.

ஊசியை வைத்தியம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பரிசோதனையும்கூட.

2024 மார்ச் 26

நேற்று பங்குனி உத்திரம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து இப்போதுதான் பெகு தம்பி எழுதியதைப் பார்த்தேன். ‘அப்பாவுக்கு வலி குறைந்துவிட்டது, ஆனால் வலது செருப்பு அடிக்கடி கழன்று விழுகிறது, செருப்பு நுனி மட்டும் தேய்ந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, இதைத் தள்ளிப் போடாதீர்கள். வலி குறைந்ததை வைத்துச் சந்தோஷப்படாதீர்கள். பாதத்தைத் தூக்கும் சக்தி போகிறது என்று அர்த்தம். நடக்கும்போது நுனி தரையில் இழுபடுவதால்தான் அங்கே மட்டும் தேய்கிறது. இன்றே அப்பாவைக் குதிகாலில் மட்டும் நடக்கச் சொல்லிப் பாருங்கள். வலது முன்பாதம் தூக்கி நிற்கவில்லை என்றால் நாளைக்கே டாக்டர். சிறுநீர் வராமல் அடைப்பது, தெரியாமல் போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் நாளை என்று கூடக் காத்திருக்கக் கூடாது, ராத்திரியே ஆஸ்பத்திரி. இதற்கு ஊசி மருந்து கிடையாது.

2024 மார்ச் 27

தம்பி, பதில் போடுங்கள்.

2024 ஏப்ரல் 9

நன்றி தம்பி. தண்ணீர்த் திருவிழா லீவுக்கு முன்பே ஆபரேஷன் முடிந்தது என்று படித்தபோது அம்மாவிடம் சத்தம் போட்டுச் சொன்னேன். பின்பக்கத்து எலும்பையும் தடித்த நாரையும் அகற்றி இடம் விட்டார்கள், கம்பியோ ஸ்குரூவோ வைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகக் கவலை வேண்டாம். இதே நோய்க்கு எலும்பைச் சேர்த்து இறுக்குவதால் கூடுதல் பலன் உண்டா என்று ஸ்வீடனில் 247 பேரிடம் பார்த்து 2016-ல் எழுதினார்கள். நடுவில் எலும்பு நழுவியிருந்தவர்களும் அதில் உண்டு. இறுக்கியவர்கள் இறுக்காதவர்களைவிட நன்றாக இல்லை. பாதம் எவ்வளவு திரும்பும் என்பது மெதுவாகத்தான் தெரியும். பயிற்சியை விடாதீர்கள்.

இந்த இழையின் முதல் பதிலில் ‘யோசிக்காதீர்கள்’ என்று உங்களுக்கு எழுதியவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 20

அம்மாவுக்கு இன்னொரு ஊசி போட்டாயிற்று. அதே இடம், அதே சயா. ஊசி உள்ளே இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரை கறுத்தது. சயா கையை அசைக்கவில்லை, ‘ஆயா, மூச்சை மெதுவாக விடுங்கள், அசையாதீர்கள்’ என்று மட்டும் சொன்னார். ஜெனரேட்டர் பிடித்து மறுபடி படம் வந்ததும் ஊசி நுனி அதே இடத்தில் இருக்கிறதா என்று மீண்டும் சாயம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தள்ளினார். அம்மா வெளியே வந்ததும் என்னிடம், ‘அந்தப் புள்ள கையில நான் வடை மாவே குடுப்பேன்டி’ என்றார். மாவுப் பக்கம் என்னையே விடாதவர்.

சர்க்கரைக்கு முன்பே மருந்து மாற்றி வைத்திருந்தோம். இந்த முறை 210-ஐத் தாண்டவில்லை.

2024 ஜூலை 7

ஏழு கம்பம். மழையில் வழுக்குவதால் கம்பம் எண்ணுவதும் சரியாக இல்லை. வண்டி பத்து நாளாக ஓரத்தில் நிற்கிறது.

2024 ஆகஸ்ட் 18

இரண்டு கம்பம்.

அக்டோபர் ஊசி பன்னிரண்டு வாரம் தாங்கியது, இது ஏழு வாரம்கூட இல்லை. வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போடக்கூடாது என்கிறார்கள். எலும்புக்கும் சர்க்கரைக்கும் கெடுதல். அதனால் நேற்று உட்கார்ந்து பேசினோம். சயா, அறுவை டாக்டர், அம்மா, நான்.

அறுவைதான் நல்லது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் நடந்து 2008-ல் வந்த பெரிய ஆய்வில் உண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு வருடத்தில் தெளிவாக நன்றாக இருந்தார்கள். எட்டு வருடத்துக்கு அருகில் அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. 2015-ல் இன்னொன்று: ஆபரேஷனுக்குச் சம்மதித்த 169 பேரில் பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் இரண்டு கூட்டமும் ஒரே அளவு. ஆனால் பயிற்சிக் கூட்டத்தில் பாதிக்கு மேல் நடுவிலேயே ஆபரேஷனுக்கு மாறியிருந்தார்கள். இதையெல்லாம் படித்து ஒரு முடிவுக்கு வர முடியாமல் நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் கேட்டார்: ‘வலி எனக்குத் தாங்கிக்கலாம். நடக்க முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க.’ அறுவை டாக்டர், முதுகுவலி போகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், நடக்கும் தூரம் கூடும் வாய்ப்பு நல்லது என்றார். மூன்று இடத்தையும் திறக்க வேண்டாம், ஊசி அடையாளம் காட்டிய ஒரே இடம் போதும் என்றார். 68 வயதில், சர்க்கரையோடு, மூன்று இடம் என்பதற்கும் ஒரே இடம் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். அந்த இரண்டு ஊசிக்கும் கொடுத்த பணம், வண்டியின் இரண்டு மாத வருமானம், அதற்கே தகும் என்று எனக்குத் தோன்றியது.

தம்பி போன நவம்பரில் ‘ஊசியா ஆபரேஷனா’ என்று கேட்டார். இரண்டையும் எதிரெதிராக வைத்ததில்தான் நான் தடுக்கி விழுந்தேன். எங்களுக்கு ஊசி கொடுத்தது பத்து மாத அவகாசம், எந்த நரம்பு என்ற பதில், ஆபரேஷன் வேண்டுமா என்று அம்மாவே யோசிக்கும் தெளிவு. சிலருக்கு ஊசியும் பயிற்சியும் வருடக்கணக்கில் போதுமானதாகவே இருக்கும். நோய் கூடாமல் அப்படியே நின்றுவிடுகிறவர்களும் நிறைய. அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை.

2024 செப்டம்பர் 1

தடிஞ்ஜு விளக்குத் திருவிழா முடிந்து நாள் குறித்திருக்கிறது. அதற்குள் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவை (HbA1c) 7.5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், புண் ஆறுவதற்காக.

வண்டியை விற்கலாமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்கிறார். ஆபரேஷன் முடிந்து நடை பழக வேண்டுமே, அதற்குக் கைப்பிடி வைத்த நடைவண்டி ஒன்றை பாங்காக்கிலிருந்து வரவழைக்க விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சட்டியையும் அடுப்பையும் இறக்கிவிட்டு, காலி வண்டி குடைசாயாமல் இருக்க அடியில் இரண்டு அரிசி மூட்டை வைத்து, கைப்பிடியை ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொன்னார். நிமிர்ந்து நடக்கப் பழக வேண்டுமாம். ஆசாரியிடம் நேற்றுச் சொல்லியாயிற்று. பயிற்சி சொல்லித்தருகிற சயாமாவிடம் இதைக் காட்டிக் கேட்காமல் தள்ளவிடமாட்டேன் என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.